இருளாயி பெருக்கிய நிலம்

ஆவணி 9, திங்கள்

இந்த நோட்டைத் திறக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'க' நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'ழ' தன் வாலை அடுத்த வரிக்குள் தொங்கவிட்டிருக்கும். நோட்டில் கோடு நேராகத்தான் போட்டிருக்கிறார்கள். வளைந்து போவது நான்தான். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கை. "பேனாவை அப்பிடிக் குத்தாதீங்கய்யா, அது கெணறு வெட்டாது" என்று வசந்தமணி டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

என் பெயர் பூவலிங்கம். ஊர் கூரான்வலசை, கமுதிக்குத் தெற்கே. வயது ஆதார் அட்டையில் எழுபத்தொன்று. என் முழங்காலைக் கேட்டால் இன்னும் கூடச் சொல்லும். போன மாதம் எழுத்தறிவு வகுப்பில் பரீட்சை எழுதித் தேறினேன். விட்டால் மறந்துபோகும், தினமும் எதையாவது எழுதுங்கள் என்றார் டீச்சர்.

"எதை எழுத?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை."

"நம்ம ஊர்ல ஒண்ணும் நடக்காதே டீச்சர்."

"அப்ப அதை எழுதுங்க."

ஆகவே எழுதுகிறேன். இன்று ஒன்றும் நடக்கவில்லை.

தேதியை நாள்காட்டித் தாளைப் பார்த்து எழுதினேன். அதில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரு வார்த்தை போடுகிறார்கள். இத்தனை வருஷமாக அதைக் கிழித்து வெற்றிலை மடித்திருக்கிறேன், உள்ளே எனக்கு ஒரு சேதி இருப்பது தெரியாமல். என் ராசி ரிஷபம். இன்றைக்குப் போட்டிருப்பது: பெருமை. சரியாகத்தான் இருக்கிறது.

ஆவணி 10, செவ்வாய்

ஆட்டுக்கு மருந்து கொடுத்தோம். துப்பிவிட்டது.

ஆவணி 14, சனி

என் நிலத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். நட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போதுதான் படித்தேன். 'நீடித்த நில மேலாண்மைத் திட்டம் - மாதிரி நிலம்.' படித்து முடித்த பிறகும் புரியவில்லை. டீச்சரிடம் கேட்டேன். "எனக்கும் அப்பிடித்தான்யா" என்றார்.

திட்டத்துக்காக வருகிற பெண் ஜெசிந்தா. ஸ்கூட்டியில் வரும், வரும்போதே பேசிக்கொண்டு வரும். போன வருஷம் அது எனக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

"பணக்கார நாட்டுக்காரங்க ரொம்பக் காலமா புகை விட்டாங்க தாத்தா. அதுல வானம் சூடாயிருச்சு. மழை மொறை தப்பிருச்சு. அதனால அவங்க பணம் போட்டு ஒரு நிதி வச்சிருக்காங்க. நம்மள மாதிரி வறண்ட ஊர்ல நெலத்தை மீட்டெடுக்க."

"அவுக விட்ட புகைக்கு நான் ஏன் ஆத்தா என் நெலத்துல குப்பை போடணும்?"

"குப்பை இல்ல தாத்தா. மூடாக்கு."

மூடாக்கு என்றால் இலை, தழை, சோளத்தட்டை, கடலைத்தொலி எல்லாவற்றையும் மண்ணுக்குப் போர்வை மாதிரி பரப்பிவைப்பது. ஈரம் ஓடாது. அப்படியே மக்கி உரமாகும். காற்றில் இருக்கிற கரியும் மண்ணுக்குள் போய்த் தங்கும் என்கிறது ஜெசிந்தா. நான் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவன். நிலத்தில் நின்ற சீமைக் கருவேலத்தை வெட்டி, மூடிச் சுட்டு, கரியை லாரியில் ஏற்றிவிட்டேன். இப்போது கரியைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லாரிக்காரனிடம் கொடுத்திருக்கவே மாட்டேன்.

பணம் வருகிற வழி எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வழி மாதிரி. எங்கோ வெளிநாட்டில் மாநாடு போட்டு மடையைத் திறப்பார்கள். டெல்லியில் ஒரு பள்ளம், சென்னையில் ஒரு பள்ளம், அதெல்லாம் நிறைந்த பிறகு கடைமடையில் கசியும். "வருது தாத்தா, வருது" என்று ஜெசிந்தா சொல்லிக்கொண்டே இருக்கும். கருவேலத்தை வேரோடு பிடுங்கி, குறுக்கே வரப்புப் போட்டுக் கொடுத்தார்கள். மூடாக்கு மட்டும் என் பொறுப்பு.

அடுத்த நிலத்துக்காரன் சோணைமுத்து. உறவில் மச்சான், வாயில் எதிரி. தினமும் வரப்பில் நின்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்ப்பான். "மச்சான், இங்க ஒரு நெலம் இருந்துச்சே, எங்க வச்சீக?" என்பான்.

என் வீட்டுக்காரி இருளாயி அந்தப் பக்கமே வருவதில்லை. வாசலில் வேப்பிலை விழுந்தால் தரையைத் தொடுமுன் பெருக்கிவிடுகிற கை அவளுடையது. போன வருஷம் ஒரு நாள் விளக்குமாறோடு நிலத்துக்கு வந்தாள். நான் தடுத்துவிட்டேன். அன்றைக்குப் போனவள்தான்.

ஆவணி 22, ஞாயிறு

மகன் தவசி திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். சோலார் கம்பெனிக்காரர்கள் நம் பக்கம் நிலம் எடுக்கிறார்கள், முப்பது வருஷக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்கிறான். புரட்டாசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"முப்பது வருசங் கழிச்சு எனக்கு வயசு என்னடா?"

"அதை நான் பாத்துக்கிறேம்ப்பா."

"என் வயசை நீ எப்பிடிடா பாத்துக்குவ?"

பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த நிதிக்காரர்கள் நிலத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றால் இரண்டாம் கட்டம் வரும். இரண்டாம் கட்டத்தில் கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டுவார்கள். தண்ணீர் வந்தால் நிலம் எங்களோடு இருக்கும். சரியில்லை என்றுவிட்டால் நான் சோலாருக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். ஆனால் மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு இன்னும் எதிலும் போடவில்லை. இந்தக் கை போடுகிற முதல் கையெழுத்து நிலத்தைக் கொடுக்கிற கையெழுத்தாக இருந்துவிடக் கூடாது.

இருளாயியிடம் கேட்டேன். "மகன் சொல்றதும் சரிதானே" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பெருக்கினாள். அவளுக்குத் திருப்பூர் போக ஆசை.

புரட்டாசி 4, சனி

மழை. ஒரே ஒரு மழை, ஆனால் நல்ல மழை. எல்லோர் நிலத்திலும் தண்ணீர் ஓடிப்போனது. என் நிலத்துக்குள் போனது வெளியே வரவில்லை. சோணைமுத்து வரப்பில் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாராட்டு.

புரட்டாசி 9, வியாழன்

ஜெசிந்தா மூச்சு வாங்க வந்தது. நிதிக்காரர்கள் புதன்கிழமை வருகிறார்கள்! மேடம் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து, பெயர் ஆமினத்தா. இன்னொருவர் வெள்ளைக்காரர். சென்னை ஆபீசரும் கூட வருவார்.

"ஆமினாவா? நம்ம அபிராமம் பக்கத்துப் பேரு மாதிரில்ல இருக்கு" என்றாள் இருளாயி. வருகிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள், எங்கே உட்காருவார்கள், நிலத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திருப்பூர் போகிறவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சாயத்திலும் தண்டோரா போட்டாயிற்று. ஊர் சுத்தமாக இருக்க வேண்டுமாம். வரவேற்புரை நான் எழுதி நானே வாசிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

என் ராசிக்கு இன்று: ஆதாயம். இனிமேல் நாள்காட்டியை நம்ப மாட்டேன்.

நடந்ததை முறையாக எழுத வேண்டும். காலையில் வெள்ளைச் சட்டை வாங்கக் கமுதி போனேன். எழுத்துத் தெரிந்த பிறகு கமுதி பெரிய ஊராகிவிட்டது. முன்பெல்லாம் சுவர்தான் இருந்தது, இப்போது சுவர் முழுக்கப் பேச்சு. பல் டாக்டர், மூலம் பௌத்திரம், இங்கு சிறுநீர் கழிக்காதீர். ஒன்றையும் விடவில்லை. திரும்பும்போது பஸ் வந்தது. எந்த ஊர் என்று யாரிடமும் கேட்காமல் நானே பலகையைப் படித்தேன். படித்து முடித்து, ஆகா நம்ம ஊர் என்று தலையை நிமிர்த்தினால் பஸ் இல்லை. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

அதில் வரும்போது எங்கள் ஊர்ப்பக்கம் புகை தெரிந்தது. யாரோ கரிமூட்டம் போடுகிறார்கள் போல, பாவம், நாளைக்கு நிதிக்காரர்கள் வருவது தெரியாதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

இறங்கினால், அது என் நிலம்.

இருளாயி நூறுநாள் வேலைப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய் நிலத்தைப் பெருக்கிவிட்டாள். ஒரு வருஷ மூடாக்கு. வழித்தெடுத்து, குவித்து, கொளுத்தி, வரப்புக்கு இருபுறமும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பலகைக்கு முன்னால் கோலமும் போட்டாயிற்று. நிலம் மொட்டை போட்ட தலை மாதிரிப் பளபளவென்று இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றாள் இருளாயி. முகம் முழுக்கச் சாம்பல், பல் மட்டும் வெள்ளை. இப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று.

எனக்கு வாய்க்கு வந்தபடி பேச்சு வந்தது. வந்ததை இங்கே எழுத மாட்டேன். டீச்சர் இந்த நோட்டைக் கேட்டாலும் கேட்பார்.

வடக்கு மூலையை மட்டும் அவள் தொடவில்லை. நாலைந்து கட்டில் போடுகிற அளவுக்கு மூடாக்கு அப்படியே கிடக்கிறது. அதில் ஒரு கௌதாரி அடைகாக்கிறதாம். "முட்டைக்காரியை எப்பிடி எழுப்புறது?" என்கிறாள். என்னை எழுப்பிவிட்டாளே, அதற்கு யோசிக்கவில்லை.

புரட்டாசி 15, புதன்

கடவுள் இருக்கிறார். சென்னை ஆபீசருக்கு ஏதோ மீட்டிங்காம். நிதிக்காரர்கள் வெள்ளிக்கிழமைதான் வருகிறார்கள்.

அதற்குள் நிலத்தைத் திரும்பக் குப்பையாக்கிவிடலாம் என்று சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வீட்டில் வாசல் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது வீட்டிலும். பஞ்சாயத்து தண்டோரா போட்டதில் ஊரே பெருக்கிக் கொளுத்திவிட்டது. வருஷம் முழுக்க ரோட்டில் புரளுகிற குப்பை, எனக்குத் தேவைப்படுகிற அன்றைக்குக் கூரான்வலசையில் ஒரு கைப்பிடி இல்லை.

"என்ன சித்தப்பா, சாக்கோட?"

"கொஞ்சம் குப்பை இருக்குமா ஆத்தா?"

"அய்யய்யே, எங்க வீட்ல அதெல்லாம் இருக்காது" என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள் ஒருத்தி. இன்னொருத்தி, "பெரியவருக்கு எழுத்துப் படிச்சதுல இருந்து ஒரு மாதிரியா இருக்கு" என்று என் காதுபடவே சொன்னாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலாவது இருக்கும் என்று போனேன். பிள்ளைகள் ஒரு சருகு விடாமல் பொறுக்கியதற்கு டீச்சர் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சோணைமுத்து வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"வாழ்நாள்ல மொத மொறையா எங்கிட்ட கேட்டு வந்திருக்கீக மச்சான். அதுவும் குப்பை!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, உள்ளே போய், ஆட்டுக்கு வைத்திருந்த கடலைத்தொலியில் ஒரு சாக்கு எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். "நடங்க. பக்கத்து நெலத்துல சோலார்க் கண்ணாடி வந்தா அந்த வெக்கை எனக்கும்ல அடிக்கும்."

அந்த ஒரு சாக்கை நிலத்தில் பரப்பினோம். யானைக்குக் கோமணம் கட்டியது போல இருந்தது. மறுபடி அள்ளிச் சாக்கிலேயே போட்டுக்கொண்டோம்.

ஜெசிந்தா வந்து பார்த்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏமாத்த வேணாம் தாத்தா. இருக்கிறதைக் காட்டுவோம்" என்றது.

இருளாயி அங்கேயேதான் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு வாசலைப் பெருக்கவில்லை.

புரட்டாசி 16, வியாழன்

கடும் வெயில். பெருக்கிய நிலம் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. ராசிக்கு என்ன போட்டிருந்தது என்று பார்க்கவில்லை.

பார்த்தேன். பொறுமை.

புரட்டாசி 17, வெள்ளி

காரில் வந்தார்கள். ஆமினத்தா அம்மா நல்ல உயரம், மஞ்சளில் பூப்போட்ட உடுப்பு, தலையில் அதே துணியில் கட்டு. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. வெள்ளைக்காரர் இறங்கியதுமே வியர்த்துவிட்டார்.

ஊர்ப் பந்தலில் உட்காரவைத்து நான் வரவேற்புரையை வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, எதையும் விழுங்காமல் வாசித்தேன். நடுவில் சென்னை ஆபீசர் இரண்டு தடவை கை தட்டினார், முடிந்துவிட்டது என்று நினைத்து. நான் நிறுத்தவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. பந்தலுக்கு ஒரே வழிதான், அதில் நான் நின்றிருந்தேன்.

பிறகு நிலத்துக்குப் போனோம். வெள்ளைக்காரர் பெருக்கிய இடத்தில் குனிந்து ஒரு இரும்புக் கம்பியைக் குத்தினார். இறங்கவில்லை. பலமாகக் குத்தினார். கம்பி வளைந்தது. அவர் கையிலிருந்த பலகைப் போனில் ஏதோ எழுதினார். என் நிலம் சோலாருக்குப் போவதைத்தான் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஆமினத்தா அம்மா நிலத்தைச் சுற்றிவந்தார். வடக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்து மூடாக்கை விலக்கக் கை வைத்தார். கௌதாரி படபடவென்று அவர் முகத்துக்கு நேரே கிளம்பியது. அம்மா அப்படியே பின்னால் விழுந்தார். ஆபீசர் ஓடினார், ஜெசிந்தா ஓடியது, பெண்கள் கூச்சல் போட்டார்கள். அம்மா மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தார். அப்புறம் முட்டையைத் தொடாமல் தள்ளிக் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தார். கறுத்த மண், உருட்டினால் உருண்டை பிடிக்கிறது. அதில் ஒரு மண்புழு, தூக்கம் கலைந்த கோபத்தில் நெளிந்தது.

வெள்ளைக்காரர் கம்பியை நிமிர்த்திக்கொண்டு வந்து குத்தினார். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

"ஒரே நிலம், ஒரே மழை. ஒரு பக்கம் காய்ந்துவிட்டது, ஒரு பக்கம் ஈரம். ஏன் இப்படி விட்டுவைத்தீர்கள்?" என்று அம்மா கேட்டதாக ஜெசிந்தா எங்களுக்குச் சொன்னது. அது பதில் சொல்லுமுன் சென்னை ஆபீசர் முந்திக்கொண்டார். அது ஒப்பீட்டு நிலமாம். மூடாக்கின் பலனைக் காட்டுவதற்காகத் திட்டமிட்டே ஒரு பகுதியை வெறுமையாக விட்டோமாம். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவ்வளவு அழகாகச் சொன்னார்.

அம்மா வரப்பு ஓரத்துச் சாம்பலைப் பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார்.

"யார் பெருக்கியது?"

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாந்தேன்."

இருளாயி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பொண்ணு பாக்க வர்றவுக மாதிரி வர்றீக. நெலம் குப்பையாக் கெடந்தா, இதுக வச்சுப் பொழைக்கத் தெரியாத சனம்னு எந்திரிச்சுப் போயிருவீகள்ல? நீங்க போனா எவனோ வந்து கண்ணாடியை நட்டுருவான். நான் வாக்கப்பட்டு வந்து மொத மொதல்ல காலு வச்சது வீட்ல இல்ல, இந்த நெலத்துல. கதிரறுப்பு நாளு. இதை விட்டுட்டு எங்க போவேன்? அதுக்குத்தேன் பெருக்குனேன். தப்புன்னா என்னைய வைங்க, அவுகளை ஒண்ணும் சொல்லாதீக."

ஜெசிந்தா அத்தனையும் இங்கிலீஷில் சொன்னது.

ஆமினத்தா அம்மா எழுந்து வந்து இருளாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் ஊர் நைஜர் நாட்டில் இருக்கிறதாம், எங்கள் ஊரைவிடக் காய்ந்த பூமி. முதன்முதலாக நிதிக்காரர்கள் வந்தபோது அவருடைய சின்னம்மா விடியுமுன்னே எழுந்து நிலம் முழுக்கப் பெருக்கிவைத்தாராம். "அன்றைக்கு நாங்கள் ஒரு கௌதாரி மூலையைக்கூட விட்டுவைக்கவில்லை" என்றார்.

சென்னை ஆபீசர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளாயிக்குத் திருப்பூர் போக ஆசை என்று ஆவணி மாதத்தில் எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் கூடாது என்பது டீச்சர் சொன்ன சட்டம். அதனால் விட்டுவைக்கிறேன். படிக்கிறவர்கள் மனதுக்குள் அடித்துக்கொள்ளவும். இன்று கண்ணில் சாம்பல் விழுந்து உறுத்துகிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

புரட்டாசி 27, திங்கள்

இரண்டாம் கட்டம் வந்துவிட்டது! ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் வரத்துக்கால் வெட்டுவார்களாம். பணம் வழக்கமான பள்ளங்களை நிரப்பிவிட்டுத்தான் வரும், ஆனாலும் மடை திறந்தாயிற்று. தவசியிடம் சொன்னேன். "அப்பாவும் மகனும் போட்ட பேச்சுன்னா பேச்சுதேன், சரிப்பா" என்றான். பொங்கலுக்கு வந்து பார்ப்பானாம்.

ஜெசிந்தா ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். என் முதல் கையெழுத்து. 'பூ' போட்டு முடிக்கையில் ஜெசிந்தா டீ குடித்துவிட்டது, 'ம்' வைக்கையில் சோணைமுத்துவும் குடித்துவிட்டான். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் இருளாயி கைநாட்டு வைத்தாள்.

நிதிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பீடு அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். பெரிய பகுதிக்குத் திரும்ப மூடாக்குப் போட வேண்டும், ஆனால் ஒரு துண்டை மட்டும் எப்போதும் பெருக்கியே வைக்க வேண்டும். பெருக்குவதற்கு ஆள் போட்டு, அதற்கு ஊதியமும் உண்டு. வானம் சூடாவதைத் தடுக்கிற திட்டத்தில் விளக்குமாறுக்கும் இடம் கிடைத்துவிட்டது. இருளாயிக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு புதுப் பலகையை நட்டார்கள். நான் சத்தமாகப் படித்தேன். 'மூடாக்கு நிலம் - பூவலிங்கம்.' பக்கத்தில் இன்னொன்று. 'மூடாக்கு இல்லாத நிலம் - இருளாயி.'

"என்னது? பச்சையா இருக்கப்போறது உங்க பேர்ல, காஞ்சு கெடக்கிறது எம் பேர்லயா?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"நீங்க ஒழுங்காப் படிச்சீகளா?"

சோணைமுத்துவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அவனும் அதையேதான் படித்தான், கொஞ்சம் ரசித்துப் படித்தான். இவள் யாரையும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, மை ஒட்டிய கட்டைவிரலைச் சேலையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முன்னால் கையை நீட்டினாள்.

"பேனாவைக் குடுங்க."

"எதுக்கு?"

"அந்தக் கௌதாரி மூலைக்குப் பலகை இல்லைல? அதுக்கு நான் எழுதுறேன், எம் பேரை."

இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். 'இ' போடுவது சுலபமில்லை. சுழி உள்ளே போய்விட்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது. மண்வெட்டி மாதிரி பிடிக்காதே என்றேன். "நான் விளக்குமாறு மாதிரிதேன் பிடிப்பேன்" என்கிறாள். இரண்டு வரிக்கு ஒரு தரம் பேனாவை எனக்குத் தருகிறாள், உடனே பிடுங்கிக்கொள்கிறாள். நாலு எழுத்துப் பெயர், அதில் முதல் எழுத்துக்கே ஒரு பக்கம் ஆகிவிட்டது.

கமுதியில் இன்னொரு பேனா வாங்க வேண்டும். இந்த முறை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பலகையைப் படிப்பேன். கௌதாரி குஞ்சு பொரித்ததா, பலகையில் 'இருளாயி' முழுதாக வந்ததா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன், அவள் இந்த நோட்டில் எனக்கு இடம் விட்டுவைத்திருந்தால்.